லயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

‘எமது வட்டாரத்தின் வரலாற்றுக் கட்டடம் ஒன்று’ என்னும் பொருளில் கட்டுரை எழுதிவருமாறு சென்ற தவணையில் மாணவரைப் பணித்தோம். பலர் அப்புத்தளை அடிசாம் மாளிகையைப் பற்றி எழுதினர். சர் தோமஸ் வில்லியர்ஸ் என்னும் துரை 1931இல் கட்டி முடித்த கருங்கல் மாளிகை அது. இன்று துறவியர் மடம். வேறு சிலர், லிப்டன் 1890இல் நிறுவிய தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலையைப் பற்றி எழுதினர். கொஸ்லந்தையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும், தான் பிறந்த லயத்தைப் பற்றி எழுதியிருந்தாள்.

அதைப் படித்தபின் ஒரு ஞாயிறன்று அந்த லயத்தைக் காணச் சென்றோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, புகை கறுப்பாக்கிய சுவர், மேலே தகரம். மாளிகைக்குக் கட்டியவர் பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தோர் பெயரை எந்தக் கல்லிலும் பொறித்தாரில்லை.

லயத்துக்குக் கீழே காமன் பொட்டல். இம்மக்களின் கலைக்கூடம் அதுவே. கோப்பிக் காலத்தில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தோர் நெஞ்சிற் சுமந்துவந்த செல்வம் காமன் கூத்து. பகலெல்லாம் மலையில் உழைத்த கைகள் மாசி இரவுகளில் தப்பு முழக்குகின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவராக்கிய பின்னரும், காமன் ஆண்டுதோறும் இங்கே எரிந்தான், எரிந்து உயிர்த்தெழுந்தான்.

உணர்ச்சி மேலிட, “இந்த லயத்தை அப்படியே பாதுகாக்க வேண்டும்” என்றோம். மாணவி தயங்கியவாறு கேட்டாள்: “சேர், நாங்க இன்னும் இதுக்குள்ளதான இருக்கோம்?”

நாணித் தலைகுனிந்தோம். அருகிலுள்ள மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயங்களை மூடியதை மறந்தா பேசினோம்? அந்த மண் நிலையற்றது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. எனினும் மக்கள் அங்கேயே இருந்தனர்; போக வேறு வீடு இல்லை. பள்ளிக்கூடம் சென்றிருந்ததனால் உயிர்தப்பிய பிள்ளைகள், மாலையில் திரும்ப வீடற்று நின்றனர்.

கம்பளைக்கு அருகே பழைய லயமொன்று தொழிலாளர் அருங்காட்சியகமாகி இருக்கின்றது. வரலாற்றைச் சொல்ல அத்தகைய லயங்கள் சில போதும். மற்ற லயங்களிலிருந்து மக்கள் வெளியேறிச் சொந்தக் காணியில் சொந்த வீடு காணட்டும். அந்தப் புதிய குடியிருப்புக்கு நிலம் அளப்போர் காமன் பொட்டலுக்கும் ஓர் இடம் அளந்து வைக்கட்டும். வறுமையை நாம் பேண வேண்டியதில்லை; கூத்தையும் அதை ஆடியோர் பெயரையும் பேணினாற் போதும்.