மேகம் விலகினால்தான் விமானம்

சரவாக்கின் மீரியில் விமானம் ஏறும் முன் பையோடு என்னையும் எடை போட்டார்கள். 19 பேர் அமரும் ட்வின் ஓட்டர்! கெலாபிட் மக்கள் வாழும் பாரியோ, சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பறந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வெட்டுமரப் பாதையில் ஒரு முழு நாள் போய்விடும். மழை பெய்தால் அதுவும் நிச்சயமில்லை. 

பாரியோ அரிசியின் பெயர் நமக்குத் தெரியும். என்னை அசத்தியது உப்பு. கடலே இல்லாத மலையில், பா உமோர் ஊற்றுநீரை விறகடுப்பில் மணிக்கணக்கில் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள்.

அடுப்பருகே இருந்த பாட்டியின் பிள்ளைகள் மீரியில்.

“உடம்புக்கு முடியாவிட்டால், பாட்டி?”

காய்ச்சலுக்கு ஊரில் கிளினிக் உண்டாம். அறுவை சிகிச்சை என்றால் மீரிதான். பேசிக்கொண்டே மலைமேல் படிந்திருந்த மேகத்தைக் காட்டினார்.