வீச்சு வலையும் தேய்மானக் கணக்கும்

எங்க மாமா பழவேற்காடு ஏரியில கொடுவாய்க்குத் தூண்டில் போடறவர். அதுக்கு உயிரோட மடவைக் குஞ்சு வேணும். வீச்சு வலையில அது விழலைன்னா அன்னிக்குத் தொழிலே கிடையாது.

வலை வாங்கப் போனா எல்லாரும் விலையைத்தான் கேக்கறாங்க. முதல்ல கண்ணியைப் பாருங்க மக்களே. பெரிசா இருந்தா குஞ்சு செவுள்ல மாட்டிச் செத்துடும். ரொம்பச் சின்னதுன்னா வலை மெதுவா இறங்கும், அதுக்குள்ள மீன் ஓடிடும். அப்புறம் ஈயக்குண்டு. குண்டு விட்டுப்போன இடம் வழியாதான் மீன் நழுவும்.

கிழிஞ்சா? அப்படியே இழுத்துக் கட்டிடாதீங்க, வலை சுருங்கி வட்டமா விரியாது. அறுந்த நூலை முடிச்சு வரைக்கும் வெட்டிட்டு, வலை ஊசியில அதே கனத்து நூல் கோத்து, பழைய கண்ணி அளவுலயே வரிசையா பின்னணும். அதுவும் ஓட்டை சின்னதா இருக்கும்போதே!

நம்ம காமர்ஸ் பாஷையில சொன்னா, வலைக்குத் தேய்மானம் போடறது வெயில். நைலான் வெயில்ல நைஞ்சு போகும். நல்ல தண்ணியில அலசி நிழல்ல காயப்போடணும். கிழியாத இடத்துலயே நூலை இழுத்தா பட்டுன்னு அறுதா? இனிமே பின்னறது வீண் செலவு, புதுசு வாங்கிடலாம். மாமா அப்பவும் ஈயத்தைக் கழட்டி வெச்சுக்குவார். புத்தகத்துல ஸ்கிராப் வேல்யூன்னு படிச்சோமே, அதான் இது :-)