பாலைப்பழக் காலத்தில் ஒரு நாள்

எங்கள் சிறுசேமிப்புக் குழுவில் 12 பெண்கள் இருக்கிறார்கள். கணவனை இழந்தவர்கள், கணவன் எங்கே என்று இன்றுவரை தெரியாதவர்கள், பிள்ளையைத் தேடிக் களைத்த தாய்மார். கடந்த வருடம் பங்குனி மாதக் கூட்டத்தில் ஒரு தங்கை தன் கைத்தொலைபேசியில் இரண்டு படங்கள் காட்டினாள். பிரான்சில் இருக்கும் அவளது அக்கா அனுப்பியவை. ஒன்றில் கண்ணுக்கெட்டிய தூரம் ஊதாப் பூக்கள், லவண்டர் வயலாம். மற்றதில் அக்காவும் பிள்ளைகளும் ஒரு தோட்டத்தில் ஸ்ட்ரோபரிப் பழம் பறிக்கிறார்கள்.

"நாங்களும் இப்பிடி ஒரு நாள் எங்கயாவது போனா என்ன மிஸ்?" என்று கேட்டாள்.

ஸ்ட்ரோபரித் தோட்டம் நுவரெலியாவில் இருக்கிறது. ஆனால் சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு வருபவர்கள் மட்டக்களப்பிலிருந்து அவ்வளவு தூரம் போய் ஒரே நாளில் திரும்ப முடியாது. அப்போது எங்கள் குழுவின் மூத்த அம்மா சொன்னார்: "பூவும் பழமும் பாக்க மலைக்கு ஏன் கா போகணும்? ஆனி மாசம் படுவான்கரைக்குப் போனா தாமரையும் இருக்கு, பாலைப்பழமும் இருக்கு."

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே கடலோரமாக உள்ளது எழுவான்கரை, மேற்கே வயலும் குளமும் காடுமாக உள்ளது படுவான்கரை. எங்கள் பெண்களில் பலர் படுவான்கரையில் பிறந்து, யுத்தத்தில் இடம்பெயர்ந்து எழுவான்கரைக்கு வந்தவர்கள்.

அன்றைய கூட்டத்தில் ஒரு சிறு பயிற்சி செய்தோம். ஒவ்வொருவரும் கடைசியாகப் போன ஐந்து பயணங்களைச் சொல்ல, நான் பலகையில் எழுதினேன். ஆஸ்பத்திரி, கச்சேரி, நீதிமன்றம், வங்கி, செத்த வீடு, காணாமற்போனவர்களுக்கான விசாரணை. 60 பயணங்களில் சந்தோஷத்துக்காகப் போனது ஒன்றுகூட இல்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் எல்லோரும் பேசாமல் இருந்தோம்.

ஆனால் போவதென்று தீர்மானிப்பது இலகுவாக இருக்கவில்லை. "புருஷன் இல்லாதவள் சுற்றுலா போறாளாம் எண்டு சனம் கதைக்கும்" என்றார் ஒரு அக்கா. இன்னொருவரின் மாமியார் போகவே கூடாதென்று சொல்லிவிட்டார். இரண்டு கூட்டங்கள் இதைப் பற்றியே கதைத்தோம். போனால் 12 பேரும் போவது, கதை வந்தால் 12 பேருக்கும் வரட்டும் என்று முடிவானது. அந்த மாமியாரையும் எங்களோடு வரும்படி வீட்டுக்குப் போய் அழைத்தோம். அவர்தான் முதலில் உடுத்திக்கொண்டு வந்து நின்றார்!

நானும் ஒரு பிழை விட்டேன். பயணத்துக்கு யோசியாமல் ஜூன் 12ஆம் திகதியைச் சொன்னேன். மகிழடித்தீவைச் சேர்ந்த ஒரு அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "அண்டைக்கு வேணாம் மிஸ்" என்றார். 1991ஆம் ஆண்டு அதே நாளில்தான் அந்தப் பகுதியில் பொதுமக்கள் இராணுவத்தினரால் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன் 1987 தை மாதத்தில் இறால் பண்ணையில் வேலை செய்தவர்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். எங்களுக்குச் சாதாரண திகதியாகத் தெரிவது பக்கத்தில் இருப்பவருக்குத் திவச நாளாக இருக்கலாம். பாதையையும் நாளையும் எல்லோரிடமும் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதை அன்று படித்தேன். ஜூன் மாதக் கடைசிக்கு நாளை மாற்றினோம்.

வாரம் 100 ரூபா வீதம் 10 வாரம் சேர்த்தோம். 12,000 ரூபா வந்தது. வேனுக்கு 10,000. மிகுதி தயிருக்கும் சில்லறைச் செலவுக்கும். சோற்றுப் பொதி வீட்டிலிருந்து. பிள்ளைகளைப் பார்க்க யார் யார் வீட்டில் யார் நிற்பது என்று எழுதி வைத்தோம். மலசலகூடம், குடிநீர், நிழல் எங்கே உண்டு என்று நான் முன்கூட்டியே போய்ப் பார்த்து வந்தேன்.

தாமரை காலையில்தான் அழகு. பகலானால் கச்சான் காற்று முகத்தைச் சுடும். அதனால் விடியப் புறப்பட்டோம். மண்முனைப் பாலத்தில் வேன் ஏறியதும் எல்லோரும் யன்னல் பக்கம் திரும்பினார்கள். ஜப்பானின் உதவியுடன் கட்டப்பட்ட இந்தப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இங்கே பாதையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். யுத்த காலத்தில் அந்தத் துறையில் சோதனைக்காகக் காத்து நின்ற கதைகளை ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள்.

மகிழடித்தீவு வந்ததும் அந்த அக்கா வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கி, கொஞ்ச நேரம் நின்று கும்பிட்டுவிட்டு வந்து ஏறினார். "இனிப் போவம்" என்றார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கும்பிட்டோம். வேடர் ஒருவர் கொக்கட்டி மரத்தை வெட்ட இரத்தம் வந்த கதையையும், பறங்கியர் முன் கல் நந்தி புல் தின்ற கதையையும் மூத்த அம்மா சொன்னார். வழியில் ஒரு குளம் நிறையத் தாமரை. அதைப் படம் எடுத்து, தங்கை பிரான்சுக்கு அனுப்பினாள்.

தாந்தாமலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியோரம் ஒரு பாலைமரம் நின்றது. கீழே மஞ்சள் மணிகளாகப் பழம் கொட்டிக் கிடந்தது. பெரிய பெண்கள் எல்லாம் பாவாடைக்காலப் பிள்ளைகளாகிவிட்டார்கள். பால் ஒட்டி உதடுகள் பிசுபிசுத்தன. மாமியார் சேலைத் தலைப்பிலிருந்து ஒரு சிறு போத்தல் தேங்காயெண்ணெய் எடுத்தார். "எனக்குத் தெரியும், இதுகள் திங்கும் எண்டு" என்றார். அவர் சிரித்ததை மருமகள் அன்றுதான் கண்டாளாம்.

பாலைப்பழம் கரடிக்கும் விருப்பமான பழம். ஆகையால் காட்டுக்குள் இறங்கவில்லை. படுவான்கரையில் யானைத் தொல்லையும் இருப்பதால் 3 மணிக்கே திரும்பினோம். மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதென 2017இல் அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் தெரியாத பொருள் எதையும் தொடுவதில்லை என்று முன்பே பேசிக்கொண்டோம்.

ஒரு நாள் பயணம் எந்தத் துயரத்தையும் மாற்றிவிடாது. வழக்கும் கடனும் தேடலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அடுத்த கூட்டத்தில் பலகையில் பயணங்களை எழுதியபோது, மகிழடித்தீவு அக்கா தானே எழுந்து வந்து வெண்கட்டியை வாங்கி எழுதினார்: "பாலைப்பழம் தின்னப் போனது."

தோழியர்களே, உங்கள் ஊரிலும் ஒரு குளமோ, நாவல் மரமோ, கடற்கரையோ இருக்கும். உங்கள் குழுவிலும் இதைப் பற்றிக் கதைத்துப் பாருங்கள்.