ஆழம் அறிந்து இறங்கு

மத்திய அரசுப் பணி நிமித்தம் நான் திருப்பதியில் குடியேறினேன். என் பெரியப்பா சித்தூரில் வாழ்கிறார். இராணுவத்தில் ஓட்டுநராயிருந்த அவர், ஜபல்பூர்த் தொழிற்சாலையில் உருவான ‘ஜோங்கா’ வண்டியில் காட்டாறுகளைக் கடந்தவர். அக்கதைகளைக் கேட்டே நான் வளர்ந்தேன்.

“வண்டி இறங்குமுன் மனிதன் இறங்க வேண்டும்” என்பார். கழியால் ஆழத்தையும் தரையையும் சோதிப்பார்கள். விசிறி நீரை இறைத்துத் தீப்பொறியை அணைத்துவிடாதிருக்க, அதன் பட்டையைக் கழற்றுவார்கள். நான்கு சக்கரங்களும் இழுக்க, தாழ்ந்த கியரில், இடையில் மாற்றாமல், ஒரே சீராகச் செல்வார்கள். கரையேறியதும் பிரேக்கைப் பலமுறை மிதித்து உலர்த்துவார்கள்.

2021 நவம்பர்ப் பெருமழையில் சுவர்ணமுகி கரைபுரண்டது. மனைவி, மகளுடன் காரில் வந்த என்னை ரயில்வே கீழ்ப்பாலத்து நீர் மறித்தது. முந்தைய மாதந்தான் இந்நகரில் அத்தகைய நீரில் வண்டி சிக்கி ஒரு புதுமணப்பெண் உயிரிழந்திருந்தார். அதை அறிந்திருந்தும், கதைகள் தந்த துணிவில் முதல் கியரைப் போட்டேன்.

“அப்பா, சித்தூர்த் தாத்தா முதலில் இறங்கித்தானே பார்ப்பார்?” என்றாள் மகள்.

இறங்கினேன். பத்தடி செல்வதற்குள் நீர் இடுப்பைத் தொட்டது. வண்டியைத் திருப்பினேன்.

பின்னர்ப் பெரியப்பாவிடம் இதைக் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்தார்.

“நான் கடந்த ஆறுகளைவிடக் கரையில் காத்துக்கிடந்த ஆறுகளே அதிகமப்பா. அவற்றை உனக்குச் சொல்லாமல் விட்டது என் பிழை” என்றார்.