சட்டாம்பிள்ளைகள்

எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடந்த விடுதிக்கு 1789இல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகும் வழியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தம் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் நடக்காது என்றார்கள். பெல் அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டினான்.

மணலைவிட அந்தப் பையன்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. நேற்றுக் கற்ற எழுத்தை இன்று இன்னொருவனுக்குக் காட்டுகிறவனுக்கு, அது எங்கே வளையும், எங்கே கை தடுமாறும் என்பது மறந்திருக்காது. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அது மறந்து வெகுகாலம் ஆகிறது.

*

பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது திண்ணைப் பள்ளியில் பழைய வழக்கம். உபாத்தியாயர் ஒருவர், பிள்ளைகளோ வயதிலும் பாடத்திலும் ஆளுக்கு ஒரு படியில் இருப்பார்கள். சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் கீழுள்ளவர்களுக்கு எண்சுவடி சொல்லிக்கொடுக்காவிட்டால் பள்ளி ஓடியிருக்காது. பள்ளி விடும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ சொல்லி அனுப்பி, மறுநாள் அதைத் திருப்பிக் கேட்பார்களாம். இதை உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியாது.

அதற்காகத் திண்ணையைப் பொற்காலமாக்க மனம் வரவில்லை. கோதண்டம் என்று பையனைக் கயிற்றில் தொங்கவிட்ட இடம் அது. சென்னை மாகாண ஆளுநர் மன்றோ 1822இல் எடுக்கச் சொன்ன கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். சேரிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் கால்வைக்கவே வழியில்லை.

*

பெல் ஊர் திரும்பி, எழும்பூரில் செய்ததைப் பற்றி 1797இல் புத்தகம் போட்டார். லண்டனில் ஜோசப் லங்காஸ்டரும் ஏறக்குறைய இதே வழியில் பள்ளி நடத்தினார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பரவியதற்கு முக்கியக் காரணம் செலவுக் குறைவு. ஒரு பெரிய கூடம், நூற்றுக்கணக்கான சிறுவர்கள், ஒரே ஒரு ஆசிரியர். மற்ற வேலையெல்லாம் சட்டாம்பிள்ளைகளுக்கு. லங்காஸ்டர் பிரம்பை விலக்கினார், ஆனால் தவறு செய்த பையனைக் கூண்டிலிட்டுக் கூரையில் தொங்கவிடும் தண்டனையை வைத்திருந்தார். கோதண்டத்துக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு உதவியது நல்ல காரியம். அதை வைத்து ஆசிரியரின் சம்பளத்தை மிச்சம்பிடித்ததுதான் கேடு.

*

என் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 42இல் 17 போனால் 35 என்று போட்டிருந்தான். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் தப்பு என்று சொல்லவில்லை.

“ரெண்டுல ஏழு போவுமா?”

“ஏழுல ரெண்டு போவுமே!”

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது என்று ஒரு விதி வைத்திருக்கிறான்; அந்த விதிப்படி பிசகாமல் போட்டிருக்கிறான். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தால் அந்த விதி அவன் தலைக்குள் பத்திரமாக இருந்திருக்கும்.

அவள் தொடர்ந்தாள். “பக்கத்து வீட்டுல ஒண்ணு கடன் வாங்கு. இங்க பன்னெண்டு ஆயிடும்.”

“ஒண்ணு வாங்கினா மூணுதான ஆவணும்?”

அவளிடம் பதில் இல்லை. என்னைப் பார்த்தாள். வழிமுறை அவளுக்குத் தெரியும். ஒன்று ஏன் பத்தாகிறது என்பதை அவளுக்கும் யாரும் காட்டியிருக்கவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டவைத்தேன். நான்கு கட்டு, இரண்டு உதிரி. ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னேன். இருவரும் சேர்ந்தே எண்ணினார்கள். அன்று அதிகம் கற்றது அந்தப் பெண்தான் என்று நினைக்கிறேன்.

‘கடன்’ கதையை முதலில் சொல்லிக் குச்சியைப் பிறகு எடுப்பது தலைகீழ். முதலில் கட்டை அவிழ்க்க வேண்டும்.

*

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிச் சில வருடங்களில் மாநிலமெங்கும் போன செயல்வழிக் கற்றலில், பாடங்களை வரிசைப்படுத்தும் ஏணிப்படியும் பாட அட்டைகளும் ரிஷி வேலிப் பள்ளியின் வழியில் வந்தவை. எல்லோரும் ஒரே நாளில் ஒரே பாடம் என்பதை அது உடைத்தது. பிள்ளையின் உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை, வரைந்ததை மாட்டக் கம்பிப் பந்தல், ஆசிரியர் துணை தேவைப்படும் குழு, சக மாணவர் துணையோடு கற்கும் குழு. அட்டையை அடுக்கி எடுப்பதிலேயே நேரம் போனது என்ற குறை நியாயமானது. ஆனாலும் ஆசிரியரை நாற்காலியிலிருந்து பாய்க்கு இறக்கியதை நான் பெரிய காரியமாக மதிக்கிறேன். பாயில் உட்கார்ந்தால்தான் “ஏழுல ரெண்டு போவுமே” காதில் விழும்.

*

ஜோடி சேர்ப்பது பற்றி. வகுப்பில் முதலாக வருகிற பிள்ளையைவிட, போன மாதம் தடுமாறிக் கற்ற பிள்ளை பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறது. அண்ணன் தம்பியை ஒன்றாக விடக் கூடாது, அடி விழும். ஒரே பிள்ளை எப்போதும் சொல்லிக்கொடுப்பவராக இருக்கவும் விடக் கூடாது. எதிரே இருப்பவர் என்றென்றும் மக்கு ஆகிவிடுவார். குச்சி கட்டுவதை முதல் வகுப்புக்குக் கற்றுக்கொடுக்க அந்த 35 போட்ட பையனையே அனுப்பியிருக்கிறேன்.

*

தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் மிச்சம் ஒருவர். அவருக்கும் எமிஸ் இணையதளப் பதிவு வேலை இருக்கும். அன்றைக்குப் பள்ளியை நடத்துவது சட்டாம்பிள்ளைகள்தான். அதற்குக் குழுக்கற்றல் என்று யாரும் பெயர் வைக்க வேண்டாம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.