ஓலையும் உழைப்பும்: இராமநாதபுரக் கடலோரத்தின் பனையோலை முடைதல்

சாயல்குடி, கடலாடிப் பகுதிகளில் தொடங்கி, கீழக்கரை, திருப்புல்லாணி, மண்டபம் வழியாக இராமேசுவரம் தீவு வரை நீளும் மணற்பாங்கான நிலம், தமிழகத்தில் பனை செறிந்து வளரும் பகுதிகளுள் ஒன்றாகும். ஆண்டு மழையின் பெரும்பகுதியும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்து முடிந்துவிட, எஞ்சிய மாதங்களை வெயிலும் உப்புக்காற்றும் ஆளும் இந்நிலத்தில், பனை ஒன்றே ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பொருளைத் தந்துகொண்டிருக்கிறது. பதனீரும் கருப்பட்டியும் ஆண்களின் மரமேறும் தொழிலோடு சேர்த்துப் பேசப்படுபவை. ஓலையை வகிர்ந்து பாய், பெட்டி, விசிறி முதலியவற்றை முடையும் வேலையோ பெரும்பாலும் பெண்களின் கையில், வீட்டுத் திண்ணையிலும் வேப்பமர நிழலிலும் நடைபெறுவதால், தொழில் என்ற பெயரைக்கூடப் பெறாமல் ‘ஓய்வுநேர வேலை’ என்றே குறிக்கப்பட்டு வந்துள்ளது.

வங்காளத்திலும் பீகாரிலும் பழஞ்சேலைகளை அடுக்கடுக்காக வைத்து நெருக்கமான ஓட்டுத்தையலால் இணைத்துப் பெண்கள் உருவாக்கும் காந்தா, சுஜனி போன்ற போர்வைகள் இதனோடு ஒப்பிடத்தக்கவை. குளிர்காலம் உள்ள அந்நிலங்களில் வீட்டுப் பெண்களின் கைத்திறன் துணியில் படிந்தது. வெப்பம் மிகுந்த இக்கடலோரத்தில் போர்வையைவிடப் பாயும் விசிறியுமே அன்றாடத் தேவைகளாதலால், அத்திறன் ஓலையில் படிந்தது. சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரும்பரப்பு ஒன்றை ஆக்குதல், வண்ணங்களைக் கணக்கிட்டு வடிவமைத்தல், சமையலுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தைப் பயன்படுத்துதல் ஆகிய மூன்றும் இரு கலைகளுக்கும் பொதுவானவை.

முடைதலுக்கு உரிய மூலப்பொருள் குருத்தோலை, அதாவது மரத்தின் உச்சியில் இன்னும் விரியாமல் கூம்பி நிற்கும் இளம் ஓலையாகும். வெயில் படாமல் இருப்பதால் வெளிர்மஞ்சள் நிறமும் வளைந்துகொடுக்கும் தன்மையும் உடைய இதுவே நுண்ணிய பெட்டிகளுக்கும் வண்ணப் பாய்களுக்கும் ஏற்றது. விரிந்து முற்றிய பச்சை ஓலையாகிய சாரோலை முரட்டுப் பாய்களுக்கும் கூரைக்கும், தானே காய்ந்து தொங்கும் காவோலை வேலி அடைப்பதற்கும் அடுப்பு எரிப்பதற்கும் பயன்படுகின்றன. பனைக்குக் கிளையில்லை, வளரும் முனை உச்சியில் உள்ள ஒன்றே. ஆகவே ஒரே மரத்தில் அளவுக்கு மீறிக் குருத்தை வெட்டினால் மரம் நலிவதோடு பதனீரும் குறையும் என்பதால், ஏறுபவர்கள் அளவறிந்தே வெட்டுகின்றனர். இதனால் முடைபவரின் வேலை, மரமேறுபவர் ஒருவர் ஊரில் இருப்பதையும், அவர் எந்த மரத்தில் எத்தனை குருத்தை எடுக்கலாம் என்று தீர்மானிப்பதையும் சார்ந்தே அமைகிறது.

வெட்டிய குருத்து சில நாட்கள் வெயிலில் உலர்த்தப்பட்ட பின், ஒவ்வோர் இதழின் நடுவிலும் ஓடும் கடினமான நரம்பாகிய ஈர்க்கு கத்தியால் பிரித்தெடுக்கப்படுகிறது. ஈர்க்கு வீணாவதில்லை, சுளகு எனப்படும் முறத்துக்கும், கனம் தாங்க வேண்டிய கூடைகளுக்கும் அது பயன்படும். எஞ்சிய ஓலை ஒரே அகலமுள்ள இழைகளாக வகிரப்படுகிறது. இழையின் அகலம் மயிரிழை அளவு மாறினாலும் பத்து வரிசைகளுக்குப் பின் பின்னல் கோணிவிடும் என்பதால், கைதேர்ந்தவர்கள் வகிர்தலையே முடைதலைவிடக் கடினமான கட்டமாகக் கருதுகின்றனர். வண்ணம் வேண்டுமாயின், தகரப் பாத்திரத்தில் கொதிக்கும் நீரில் சாயப்பொடியைக் கரைத்து, இழைகளை அதில் அமுக்கி எடுத்து நிழலில் உலர்த்துவர். சிவப்பு, பச்சை, ரோஸ், கத்தரிப்பூ நிறம் ஆகியவை மிகுதியாகக் கையாளப்படுகின்றன. சாயமிடாத ஓலையின் இயல்பான வெண்மையே இவற்றுக்குப் பின்புலமாக அமைகிறது.

பின்னல் பொதுவாகக் குறுக்குச்சாய்வில் செல்கிறது. தறித்துணியில் பாவு நெடுக்கிலும் ஊடை குறுக்கிலும் ஓட, ஓலைப் பின்னலில் எல்லா இழைகளும் விளிம்புக்குச் சாய்வாக ஓடி, விளிம்பை அடைந்ததும் மடிந்து மீண்டும் உள்ளே திரும்புகின்றன. இதனால் தனியே ஓரம் கட்டாமலேயே பாயின் கரை பிரியாமல் நிற்கிறது. ஓர் இழையை விட்டு அடுத்ததைத் தூக்குவது எளிய பின்னல். இரண்டை விட்டு இரண்டைத் தூக்கினால் படிக்கட்டுப் போன்ற சாய்வரிகள் தோன்றுகின்றன. வண்ண இழைகள் எந்த இடத்தில் நுழைகின்றன என்பதைப் பொறுத்துக் கட்டங்களும் சாய்சதுரங்களும் பிறக்கின்றன. இவற்றுக்கு வரைபடம் இல்லை. எந்த நிறத்தில் எத்தனை இழை என்ற கணக்கு முடைபவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. மகளும் மருமகளும் பக்கத்தில் அமர்ந்து பார்த்தே அதைக் கற்றுக்கொள்கின்றனர்.

பெட்டி முடையும்போது முதலில் அடிப்பகுதி சதுரமாகப் பின்னப்பட்டு, பின்னர் நான்கு மூலைகளிலும் இழைகள் மேல்நோக்கித் திருப்பப்பட்டுச் சுவர் எழுப்பப்படுகிறது. ஆகவே அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் அமைவது ஓலைப் பெட்டிகளின் பொது இலக்கணமாக உள்ளது. பெரிய சுமைக்கூடையாகிய கடகத்துக்கு உள்ளும் புறமுமாக இரண்டு அடுக்குப் பின்னல் உண்டு. அதன் வாயை மட்டையிலிருந்து உரித்த நாரால் இறுக்கித் தைப்பர். இதனைப் பொத்துதல் என்பர். சிறு பெட்டியாகிய கொட்டான், கருப்பட்டி கட்டிவைக்கும் பெட்டி, மீனவர் இடுப்பில் கட்டி மீனைப் போட்டுக்கொள்ளும் பறி, குழந்தைகளுக்கான கிலுகிலுப்பை என நீளும் பொருள்வரிசையில், இக்கடலோரத்தின் உழவு, கடல், வழிபாடு ஆகிய மூன்றும் இடம்பெறுகின்றன. கார்த்திகைத் திருநாளில் கொழுக்கட்டை வேகவைப்பதற்கும், கடலோரக் கிறித்தவர்கள் குருத்தோலை ஞாயிறன்று சிலுவை பின்னுவதற்கும் ஓலை தேவைப்படுகிறது.

இவ்வூர்களுக்குக் களப்பணிக்காகச் செல்வோர் முடைபவரின் வீட்டில் கவனிக்கத்தக்க ஒன்று, முடிந்த பொருட்களைவிட முடியாத பொருட்கள் மிகுதியாக இருப்பதாகும். பாதி எழும்பிய பெட்டி, ஒரு முழம் மட்டுமே வளர்ந்த பாய், சாயமிட்டுக் கட்டிவைத்த இழைக்கட்டு ஆகியவை ஒரே வீட்டில் ஒரே காலத்தில் கிடக்கும். இதைக் கவனக்குறைவாகக் கொள்வது தவறு. உலர்ந்த காற்றில் ஓலை விறைத்து ஒடியும் இயல்புடையதாதலால், ஈரப்பதம் மிகுந்த அதிகாலையும் மாலையுமே நுண்பின்னலுக்கு ஏற்ற பொழுதுகள். நண்பகலில் வேலையை நிறுத்தி, இழைகளை ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டியுள்ளது. நுண்பின்னலுக்கு ஒவ்வாத அந்நேரத்தில் முரட்டுப் பாயின் வேலை நகரும். சாயம் உலரும்வரை வெள்ளைப் பெட்டி ஒன்று தொடங்கப்படும். பச்சை இழை தீர்ந்துபோனால், அடுத்த குருத்து வரும்வரை அந்தப் பாய் சுவரில் சாய்ந்து காத்திருக்கும். இவ்வாறு பல பொருட்களை ஒருசேர வளர்த்துச் செல்வது, மூலப்பொருளின் இயல்பும் வீட்டு வேலையின் ஒழுங்கும் சேர்ந்து வகுத்த உற்பத்தி முறையாகும்.

இம்முறையே விலை நிர்ணயத்தில் பெண்களுக்கு எதிராகத் திரும்புகிறது. தொடர்ச்சியாக ஒரே அமர்வில் செய்யப்படாத வேலைக்கு நேரக் கணக்கு வைக்க இயலாதாகையால், வாங்குபவர் ஓலைக்கும் சாயத்துக்கும் ஆன செலவோடு சிறு தொகையைக் கூட்டி விலை பேசுகிறார். வகிர்தல், ஈர்க்கு எடுத்தல், சாயமிடுதல் ஆகிய முன்வேலைகள் கணக்கில் சேர்வதில்லை. பிளாஸ்டிக் குடமும் வயர் கூடையும் நைலான் பாயும் பரவிய காலத்தில் ஓலைப் பொருளின் உள்ளூர்த் தேவை சுருங்கியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை விதித்த பின்னர், இனிப்புகளையும் பனங்கற்கண்டையும் அடைத்து விற்கும் ஓலைப்பெட்டிகளுக்குப் புதிய தேவை எழுந்துள்ளது. எனினும் தேவை உயர்வதாலேயே முடைபவரின் கூலி உயர்ந்துவிடுவதில்லை.

அண்டை மாவட்டமான சிவகங்கையில் செட்டிநாட்டுக் கொட்டானின் வரலாறு இங்கு கருதத்தக்கது. நகரத்தார் வீட்டு ஆச்சிமார்கள் பொழுதுபோக்காகவும் சடங்குத் தேவைக்காகவும் முடைந்து, மணியும் கம்பளி நூலும் கொண்டு அழகுபடுத்திய அக்கொட்டான்கள் ஏறத்தாழ மறைந்துவிட்ட நிலையில், எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து அக்கலையை மீட்டது. 2012-13 ஆம் நிதியாண்டில் செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீட்டையும் பெற்றது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், குளிருக்காகக் கிழிந்த வேலையுடைகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வைகள், 2002 இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட பின்பே கலைப்படைப்புகளாக மதிக்கப்பட்டன. பெண்களின் வீட்டுக் கைவேலை வெளியிலிருந்து ஒருவர் பெயரிட்டுக் காட்டும்வரை மதிப்புப் பெறுவதில்லை என்பதை இரண்டு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

இராமநாதபுரக் கடலோரத்தில் சிக்கல் மேலும் ஒரு படி கீழே, மரத்தின் அடியில் இருக்கிறது. பனை 1978 முதல் தமிழகத்தின் மாநில மரமாக இருந்தும், செங்கற்சூளை விறகுக்காகப் பெருமளவில் வெட்டப்பட்டது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் முதன்முதலாகத் தனியே அளித்த வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றும், 76 லட்சம் பனை விதைகளும் 1 லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆயினும், இன்று ஊன்றும் விதை பயன்தரும் மரமாக வளர ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். மரமேறும் குடும்பங்களின் இளைஞர்கள் வேறு வேலைகளுக்குப் பெயர்ந்துகொண்டிருக்கும் நிலையில், மரம் நின்றாலும் குருத்தை இறக்க ஆள் இல்லாத ஊர்கள் பெருகும்.

ஆகவே இக்கலையைக் காக்கும் முயற்சி முடைபவருக்கு வடிவமைப்புப் பயிற்சி அளிப்பதோடு நின்றால் பயன் தராது. மரமேறுபவருக்குப் பாதுகாப்பான கருவியும் காப்பீடும் கிடைக்கச் செய்து குருத்தோலை தடையின்றி வர வழிசெய்தலும், வகிர்தல் முதல் பொத்துதல் வரையிலான ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் கணக்கிட்டுக் கூலியை வகுத்தலும் அதன் முதல் இரு பணிகளாக வேண்டும். இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகரும் ஓலைப்பெட்டியின் விலையைக் குறைத்துக் கேட்கும் முன், அதில் ஓலையின் விலையைவிட உழைப்பின் விலையே மிகுதி என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.