எந்த உலகத்திற்கான அறிவு?



1998-ல் நாங்கள் மும்பைக்குக் குடிபெயர்ந்தோம். சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்தில் தமிழில் படித்த என் மகனுக்கு, புதிய பள்ளியில் ஆங்கிலத்தில் நுண்ணறிவுத் தேர்வு வைத்தார்கள். கிடைத்த எண் மிகக் குறைவு. அன்றிரவு, "இவனுக்குப் புத்தி மட்டுதான்" என்று மனைவியிடம் சொன்னேன். அவன் காதிலும் அது விழுந்தது.

அடுத்த மாதம் பெருமழையில் ரயில்கள் நின்றுபோயின. தாதரில் திகைத்து நின்ற என்னை, தெருவில் கற்ற இந்தியைக்கொண்டு வழி விசாரித்து, பேருந்து மாறி மாறி வீடு சேர்த்தவன் அந்தப் பத்து வயதுப் பிள்ளையே. அப்படியானால் அந்தத் தேர்வு எதைத்தான் அளந்தது?

இன்று இயந்திரங்களைக் குறித்தும் இதே கேள்வி எழுகிறது. 1997-ல் டீப் புளூ என்னும் கணினி சதுரங்க உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. சதுரங்கத்திற்கு வெளியே அது ஒன்றும் அறியாது. வட அமெரிக்க மலைகளில் வாழும் கிளார்க் நட்கிராக்கர் என்ற பறவையோ, ஆயிரக்கணக்கான இடங்களில் விதைகளைப் புதைத்து, மாதங்கள் கழித்தும் நினைவாகத் தோண்டி எடுக்கிறது. இவ்விரண்டில் எது அறிவுமிக்கது?

பலவகைச் சூழல்களில் தன் இலக்கை அடையும் திறனே நுண்ணறிவு என்று 2007-ல் ஷேன் லெக், மார்க்கஸ் ஹட்டர் என்னும் ஆய்வாளர்கள் வரையறுத்தனர். நல்ல வரையறைதான். ஆயினும் கணினியால் விவரிக்கக்கூடிய சூழல்கள் அனைத்தையும் சேர்த்து அவர்கள் வகுத்த அளவையை, எந்தக் கணினியாலும் முழுமையாகக் கணக்கிட இயலாது. சில சூழல்களை மட்டும் தெரிந்துகொண்டாலோ, தெரிந்துகொள்பவரின் விருப்பமும் அளவுகோலுக்குள் நுழைந்துவிடுகிறது. ஆகவே பொதுவான நுண்ணறிவு என்பது வெறுஞ்சொல் அன்று. ஆனால் எந்த உலகத்திற்கு என்று சொல்லாதவரை அதன் எண்ணுக்குப் பொருளில்லை.

1905-ல் பிரான்சில் இத்தகைய தேர்வை முதன்முதலில் உருவாக்கிய ஆல்ஃபிரட் பினே, பள்ளியில் தனி உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறியவே அதை அமைத்தார். நானோ அதைத் தீர்ப்பாக்கினேன். மகனிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. "அன்றைக்கு நான் தூங்கவில்லை, அப்பா" என்று மட்டுமே சொன்னான்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளையைக் குறித்தும் ஓர் எண் நாளை வீட்டிற்கு வரலாம். அது எந்த உலகத்தை அளந்தது என்று முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள்.